நெட்வொர்க் ஆய்வு மென்பொருளுக்குக் கல்லூரிகளில் தடை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் உள்ள சில பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும், நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளை, அதாவது சிறு துண்டுகளாகச் செல்லும் தரவை, பிடித்துப் படிக்க உதவும் வயர்ஷார்க் போன்ற மென்பொருள்களை மாணவர்கள் தொடவே கூடாது என்ற எழுதப்படாத தடை நிலவுகிறது. இதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கல்லூரி நிர்வாகங்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். லாட்ஜுகள், தோல் ஏற்றுமதி அலுவலகங்கள், ஸ்கேன் மையங்கள், பள்ளிகள் ஆகியவற்றின் நெட்வொர்க்கைப் பராமரிப்பது என் தொழில். எனக்கு உதவியாக வேலைக்கு வரும் இளைஞர்களில் பெரும்பாலோர் கணினி அறிவியலில் பட்டமோ பட்டயமோ பெற்றவர்கள். ஆனால் ஒரு பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தவர்கள் அவர்களில் மிகக் குறைவு. ஏன் என்று கேட்டால், "லேபில் விடமாட்டார்கள் சார், ஹேக்கிங் என்பார்கள்" என்ற பதிலே திரும்பத் திரும்ப வருகிறது.

சென்ற பருவத்தில் ஒரு கல்லூரி விடுதியில், இறுதியாண்டு மாணவர் ஒருவரின் மடிக்கணினியில் இந்த மென்பொருள் இருந்தது என்ற காரணத்துக்காக அவருடைய பெற்றோரை வரவழைத்து மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். அந்த மாணவர் யாருடைய கடவுச்சொல்லையும் எடுக்கவில்லை. விடுதி வைஃபை மாலை நேரத்தில் ஏன் அடிக்கடி அறுந்துபோகிறது என்று பார்க்க முயன்றிருக்கிறார். நிர்வாகத்திடம் அனுமதி பெறாமல் அதைச் செய்தது தவறு என்று கண்டித்திருந்தால் எனக்கு மறுப்பு ஏதுமில்லை. ஆனால் கடிதத்தில் எழுதச் சொன்னது அனுமதி பெறாததைப் பற்றியன்று. "ஹேக்கிங் சாஃப்ட்வேர் வைத்திருந்தேன்" என்றே எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இது அந்த மாணவருக்கு மட்டுமல்ல, அந்தக் கருவிக்கும் இழைக்கப்பட்ட அநீதி.

இக்கருவிகளின் பிறப்பு வரலாற்றை அறிந்தவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள். 1986 அக்டோபரில், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் அருகிலிருந்த கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, ஏறத்தாழ 400 கஜ தூரத்தில், நொடிக்கு 32,000 பிட் ஓடிக்கொண்டிருந்த இணைப்பு நெரிசலால் 40 பிட்டுக்குச் சரிந்தது. அதன் காரணத்தை ஆராய்ந்து, தரவு போய்ச் சேர்ந்ததை உறுதி செய்துகொண்டே அனுப்பும் டிசிபி நெறிமுறை நெரிசலைத் தானே உணர்ந்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வழியை 1988இல் வெளியிட்டவர் வான் ஜேக்கப்சன். அதே ஆய்வுக்கூடத்தில் அவரும் சாலி ஃபிளாய்ட், வெர்ன் பாக்சன், ஸ்டீவன் மெக்கேன் ஆகியோரும் எழுதியதுதான் டிசிபிடம்ப் என்னும் பாக்கெட் பிடிக்கும் கருவி. இன்றைக்கும் லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பவர்கள் முதலில் தட்டும் கட்டளைகளில் அது ஒன்று. அதன் பிறகு, கான்சாஸ் நகரில் ஒரு சிறிய இணையச் சேவை நிறுவனத்தில் பணியாற்றிய ஜெரால்ட் கூம்ஸ், கோளாறுகளைக் கண்டுபிடிக்கத் தமக்கு ஒரு கருவி தேவைப்பட்டதால் தாமே எழுதி 1998இல் வெளியிட்ட ஈத்தரியல்தான், வணிகப் பெயர் உரிமைச் சிக்கலால் 2006இல் வயர்ஷார்க் எனப் பெயர் மாறியது. கட்டணமில்லை; மூல நிரல் திறந்தே இருக்கிறது. பழுது பார்ப்பவர்கள் பழுது பார்ப்பதற்காக எழுதியது இது.

இனி, இக்கருவி இல்லாமல் நம் ஊரில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள காந்தி ரோடு, பாபு ராவ் தெரு லாட்ஜுகளில் மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் ஆகியவற்றிலிருந்து சிகிச்சைக்கு வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். ஊரிலிருந்து பணம் வந்ததா என்று பார்ப்பதும், பரிசோதனை முடிவுகளை உறவினருக்கு அனுப்புவதும், பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேசுவதும் அந்த லாட்ஜின் வைஃபையில்தான். அப்படிப்பட்ட ஒரு லாட்ஜில், சில அறைகளில் நெட் வரும், சில அறைகளில் வராது. நேற்று வந்த அறையில் இன்று வராது. கைபேசியில் வைஃபை இணைந்துவிட்டதாகக் காட்டும், ஆனால் எதுவும் திறக்காது. உரிமையாளர் ரவுட்டரை மாற்றினார், கேபிளை மாற்றினார், கடைசியில் இணைய நிறுவனத்தையே மாற்றினார். ஒவ்வொரு முறையும் வந்த சர்வீஸ் ஆட்கள் ரவுட்டரை அணைத்துப் போட்டார்கள், சற்று நேரம் வேலை செய்தது, கிளம்பிப் போனார்கள்.

அங்கே செய்ய வேண்டியிருந்தது சிறிய வேலை. மடிக்கணினியை லாட்ஜின் நெட்வொர்க்கில் இணைத்து, வயர்ஷார்க்கை ஓடவிட்டு, நெட்வொர்க்கில் தன்னை அடையாளம் காட்டக் கணினி ஏற்கெனவே பெற்றிருந்த ஐபி முகவரியை விட்டுவிட்டு மீண்டும் கேட்கச் செய்தேன். ஒரு கருவி நெட்வொர்க்கில் நுழையும்போது நான்கு பாக்கெட்டுகளில் இந்த உரையாடல் முடிய வேண்டும். "முகவரி கொடுப்பவர் யாராவது இருக்கிறீர்களா" என்று கருவி எல்லாருக்கும் பொதுவாகக் கூவும். முகவரி வழங்கும் பொறுப்பிலுள்ள டிஎச்சிபி சர்வர் ஒரு முகவரியை முன்வைக்கும். கருவி அதையே கேட்கும். சர்வர் உறுதி செய்யும். திரையில் வரிசை எண், நேரம், அனுப்பியவர், பெறுபவர், நெறிமுறை, நீளம், விவரம் என்ற ஏழு பத்திகளில் ஒரு வரிக்கு ஒரு பாக்கெட்டாக அது இறங்கியது. கூவல் ஒன்று, ஆனால் அதற்கு வந்த பதில்கள் இரண்டு. ஒன்று 192.168.1.1 என்ற முகவரியிலிருந்து, அது லாட்ஜின் ரவுட்டர். மற்றொன்று 192.168.0.1 என்ற முகவரியிலிருந்து, அப்படியொரு கருவி அந்த லாட்ஜில் இருப்பதாக யாருக்கும் தெரியாது. எந்தப் பதில் முந்திக்கொள்கிறதோ அதை அந்தக் கைபேசி ஏற்றுக்கொள்ளும். முதலாவதை ஏற்றவருக்கு நெட் வரும். இரண்டாவதை ஏற்றவருக்கு வழி தெரியாத நுழைவாயிலைக் காட்டிவிட்டு அது சும்மா இருக்கும். அறைக்கு அறை, நாளுக்கு நாள் மாறிய கோளாறின் புதிர் அவ்வளவுதான்.

அந்த இரண்டாவது பதிலின் வரியைச் சொடுக்கினால், கீழ்ப்பகுதியில் அதை அனுப்பிய கருவியின் வன்பொருள் முகவரி விரியும். அந்த முகவரியின் முதல் மூன்று பைட்டுகள் தயாரிப்பு நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டவை என்பதால், வயர்ஷார்க் எண்ணுக்குப் பதிலாக நிறுவனத்தின் பெயரையே காட்டிவிடுகிறது. வீட்டு உபயோக ரவுட்டர்கள் செய்யும் நிறுவனம் அது. லாட்ஜின் கேபிள்களெல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியின் பட்டியலில் அந்த முகவரி எந்தப் போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) தெரிகிறது என்று பார்த்தால், மூன்றாம் மாடியில் ஒரு அறை. அப்பாவின் சிகிச்சைக்காக நெடுநாள் தங்கியிருந்த ஒருவர், அறையில் சிக்னல் போதவில்லை என்று சொந்த ரவுட்டர் ஒன்றை வாங்கிச் சுவரிலிருந்த சாக்கெட்டில் மாட்டியிருக்கிறார். வெளி இணைப்புக்கான துளையில் செருகவேண்டிய கேபிளை உள் இணைப்புக்கான துளையில் செருகிவிட்டார். அவர்மீது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தத் தவறை எந்த விருந்தினரும் செய்ய முடியாதபடி, ரவுட்டர் இருக்கும் போர்ட்டைத் தவிர வேறெங்கிருந்தும் முகவரி வழங்கும் பதில் வந்தால் தடுக்கும் டிஎச்சிபி ஸ்னூப்பிங் என்ற ஏற்பாட்டை ஸ்விட்சிலேயே இயக்கி வைத்தாயிற்று. புதிய ரவுட்டருக்கும் கேபிளுக்கும் இணைப்பு மாற்றத்துக்கும் அதற்குள் லாட்ஜ் உரிமையாளர் செலவிட்ட பணம் செலவிட்டதுதான்.

எல்லாக் கோளாறுக்கும் இது மருந்தன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். கத்திரி வெயிலில் மொட்டை மாடித் தகரப் பெட்டிக்குள் வேகும் ஸ்விட்சுக்குப் பாக்கெட் ஆய்வு தேவையில்லை, நிழல்தான் தேவை.

இராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் வந்த கோளாறு இன்னும் நுட்பமானது. ஃபைபர் இணைப்புக்கு மாறியதிலிருந்து அங்கே சிறிய மின்னஞ்சல்கள் போயின. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பரிசோதனைச் சான்றிதழ் ஆகியவற்றை இணைத்த மின்னஞ்சல்கள் போகவில்லை. சில வலைத்தளங்கள் உடனே திறந்தன. சில சுற்றிக்கொண்டே இருந்தன. மறுமுனை பதில் தருகிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளையைக் கொடுத்தால் பதில் ஒழுங்காக வந்தது. எனவே இணைய நிறுவனம் தன் பக்கம் குறையில்லை என்றது. கணினிக்காரர் வைரஸ் என்று சொல்லி எல்லாக் கணினிகளையும் அழித்து மறுபடி நிறுவினார். சரக்கு கப்பலேறும் நாள் நெருங்கும்போது ஆவணங்கள் போகாமல் நிற்பது என்றால் என்ன என்பது ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஸ்விட்சில் ஒரு போர்ட்டின் போக்குவரத்தை மற்றொரு போர்ட்டுக்குப் பிரதியெடுத்து அனுப்பும் மிரரிங் ஏற்பாட்டைச் செய்து, மின்னஞ்சல் அனுப்பும் கணினியின் பாக்கெட்டுகளை மட்டும் பிடித்துப் பார்த்தபோது விஷயம் வெட்டவெளிச்சமாயிற்று. இணைப்பு தொடங்கும் மூன்று பாக்கெட் கைகுலுக்கல் ஒழுங்காக முடிகிறது. சிறிய பாக்கெட்டுகளுக்கெல்லாம் வந்து சேர்ந்தது என்ற ஒப்புகை வருகிறது. மின்னஞ்சலோடு இணைத்த கோப்பு கிளம்பியதும், நீளப் பத்தியில் 1514 என்று காட்டும் பெரிய பாக்கெட்டுகள் வெளியேறுகின்றன. அவற்றில் ஒன்றுக்குக்கூட ஒப்புகை இல்லை. கணினி அதே பாக்கெட்டை மறுபடி அனுப்புகிறது, சற்றுப் பொறுத்து மறுபடி, அதைவிட இரு மடங்கு பொறுத்து மறுபடி. இப்படி மறு அனுப்புதல்களை வயர்ஷார்க் கறுப்புப் பின்னணியில் காட்டும். திரையில் கீழ்வரை கறுப்பு வரிகளாக நின்றன.

கேபிள்வழி நெட்வொர்க் முறையான ஈத்தர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு 1500 பைட். அதன்மேல், முகவரி விவரம் அடங்கிய ஈத்தர்நெட்டின் தலைப்பு 14 பைட் சேர்ந்து 1514. புதிய ஃபைபர் இணைப்போ பிபிபிஓஇ என்ற முறையில் பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணைவது; அம்முறை ஒவ்வொரு பாக்கெட்டிலும் தனக்காக 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1492 பைட்தான் உள்ளே நுழையும். அதைவிடப் பெரிய பாக்கெட் வந்தால், "இந்த அளவு போகாது, சிறிதாக்கு" என்று ரவுட்டர், வழியிலுள்ள சிக்கலைத் தெரிவிக்கும் ஐசிஎம்பி செய்தி ஒன்றைத் திருப்பி அனுப்ப வேண்டும், அனுப்பவும் செய்தது. ஆனால் கணினிகளுக்கும் ரவுட்டருக்கும் இடையே பாதுகாப்புக்கென வைத்திருந்த ஃபயர்வாலில், பிங் பதிலைத் தவிர மற்ற ஐசிஎம்பி செய்திகள் அனைத்தையும் தடுக்கும்படி யாரோ எப்போதோ விதி எழுதிவைத்திருந்தார்கள். கணினிக்கு அந்தச் செய்தி வந்து சேரவே இல்லை. வெறும் 8 பைட் வேறுபாடு, அதைச் சொல்ல வந்த ஒரு சிறிய செய்திக்குப் போடப்பட்ட தடை, இரண்டும் சேர்ந்து ஒரு அலுவலகத்தை முடக்கிவிட்டன. விதியைத் திருத்தி, இணைப்பு தொடங்கும்போதே, ஐபி, டிசிபி தலைப்புகளுக்கான 40 பைட் போகத் தரவின் அளவு 1452 பைட்டைத் தாண்டாதபடி ரவுட்டரில் அமைத்ததும் அன்று மாலையே ஆவணங்கள் போய்ச் சேர்ந்தன. இந்தக் காரணத்தை ஊகித்துச் சொல்லக்கூடிய அனுபவசாலிகள் இருக்கலாம். ஊகத்தை இணைய நிறுவனத்திடமும் முதலாளியிடமும் நிரூபிக்க, நேரம் குறித்த பாக்கெட் பதிவைத் தவிர வேறு சாட்சி இல்லை.

'நெட் ஸ்லோ' என்ற அன்றாடப் புகாரையும் இதே முறையில் தீர்த்துக்கொள்ளலாம். இணைப்பு கேட்கும் முதல் பாக்கெட்டுக்கும் அதற்கு வரும் பதிலுக்கும் இடையிலான நேரம் வழியின் தாமதத்தைக் காட்டும். தகவல் கேட்ட பிறகு முதல் தரவு வந்து சேர எடுக்கும் நேரத்தில் சர்வரின் தாமதமும் சேர்ந்திருக்கும். முன்னது 30 மில்லி நொடியும் பின்னது 8 நொடியும் என்றால், குறை சர்வரில். தெருமுனைக் கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனைத் திட்டிப் பயனில்லை.

இனி, நிர்வாகங்களின் அச்சத்துக்கு வருகிறேன். அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2010இல், தெருக்களைப் படமெடுத்துச் சென்ற கூகுள் கார்கள், கடவுச்சொல்லால் பூட்டப்படாத வீட்டு வைஃபைகளில் ஓடிய தரவையும் சேர்த்துப் பதிவு செய்துவிட்டதை அந்த நிறுவனமே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதே ஆண்டில் வெளிவந்த ஃபயர்ஷீப் என்ற சிறு பிரவுசர் நீட்சி, பொது வைஃபையில் அருகில் அமர்ந்திருப்பவரின் சமூக வலைத்தளக் கணக்குக்குள் ஒரே சொடுக்கில் நுழையலாம் என்று காட்டி உலகையே அதிரவைத்தது. அப்போது பெரும்பாலான தளங்கள் உள்நுழையும் பக்கத்தை மட்டும் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்துவிட்டு மற்றவற்றைத் திறந்தபடி அனுப்பின.

அந்த நிலை இன்று பெரிதும் மாறிவிட்டது. வங்கிச் செயலிகளும் மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் பெரும்பாலான வலைத்தளங்களும் மறையாக்கம் செய்தே தரவை அனுப்புகின்றன. கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடியில் நிற்பவருக்கு லாரியின் எண்ணும் அது போகும் திசையும் தெரிவதுபோல, பாக்கெட்டைப் பிடிப்பவருக்கு எந்த முகவரி எந்தத் தளத்தோடு எப்போது எவ்வளவு தரவு பரிமாறிக்கொண்டது என்பது தெரியும். தார்ப்பாய்க்குள் இருப்பது தெரியாது. மேலும், ஒரு அலுவலகத்தின் ஸ்விட்சில் மடிக்கணினியைச் செருகிய மாத்திரத்தில் அங்குள்ள எல்லாருடைய பாக்கெட்டுகளும் வந்து குவிந்துவிடுவதும் இல்லை. யாருக்கான பாக்கெட்டோ அவருடைய போர்ட்டுக்கு மட்டுமே ஸ்விட்ச் அனுப்பும். பொதுவாகக் கூவும் பாக்கெட்டுகள் மட்டுமே எல்லாருக்கும் வரும். மற்றவரின் போக்குவரத்தைப் பார்க்க வேண்டுமானால் ஸ்விட்சின் பொறுப்பாளர் மிரரிங் ஏற்பாட்டைச் செய்து தரவேண்டும். வைஃபையில் நிலைமை சற்று வேறு. ரிசப்ஷனில் கடவுச்சொல்லை எழுதி ஒட்டியிருக்கும் பழைய டபிள்யூபிஏ2 என்ற வைஃபைப் பாதுகாப்பு முறையில், அந்தக் கடவுச்சொல்லை அறிந்தவர், மற்றவர் இணையும் தருணத்தைப் பிடித்துவிட்டால் வைஃபையின் பூட்டைத் திறந்துவிட முடியும். 2018இல் வந்த டபிள்யூபிஏ3 அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. லாட்ஜ் உரிமையாளர்கள் புதிய கருவி வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குவது நல்லது.

உண்மையில் நாம் அஞ்ச வேண்டியது, மறையாக்கம் இல்லாமல் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் கருவிகளைக் கண்டுதான். மலிவு விலை சிசிடிவி பதிவுப் பெட்டிகளின் உள்நுழைவுப் பக்கம், பழைய வருகைப் பதிவுக் கருவிகள், பிரிண்டருக்குப் போகும் கோப்புகள் எனப் பலவும் வெறுங்கண்ணுக்கு வாசிக்கத்தக்க வடிவிலேயே கேபிளில் ஓடுகின்றன. மருத்துவத்தால் வாழும் நம் நகரத்துக்கு இதில் கூடுதல் கவலை இருக்கிறது. ஸ்கேன் இயந்திரத்திலிருந்து மருத்துவரின் கணினிக்குப் படத்தை அனுப்பும் டைக்காம் என்ற முறையில் மறையாக்கத்துக்கு வழி உண்டு. ஆனால் அதை இயக்காமலே விட்டுவைத்திருக்கும் இடங்கள் ஏராளம். அப்படிப்பட்ட நெட்வொர்க்கில் பிடித்த பாக்கெட்டைத் திறந்தால் நோயாளியின் பெயர், பிறந்த தேதி, எடுக்கப்பட்ட பரிசோதனை ஆகியவை எழுத்தெழுத்தாகத் தெரியும்; வயர்ஷார்க்கின் பட்டியில் அந்தப் படத்தையே தனிக் கோப்பாக வெளியே எடுக்கும் வசதியும் இருக்கிறது. ஒரு சிறிய ஸ்கேன் மையத்தின் உரிமையாளருக்கு அவருடைய அனுமதியோடு இதைத் திரையில் காட்டியபோது, காத்திருப்போர் அறையின் வைஃபையும் ஸ்கேன் இயந்திரமும் ஒரே நெட்வொர்க்கில் இருப்பதன் பொருள் அவருக்கு விளங்கியது. அந்த வாரமே இரண்டையும் பிரித்துவிட்டார். வாயால் எத்தனை முறை சொல்லியும் நடக்காதது அது. மென்பொருளைத் தடை செய்வதால் அந்தத் தரவு மறைந்துவிடாது. கெட்ட எண்ணம் கொண்டவர் எப்படியும் பதிவிறக்கிக்கொள்வார், பொறுப்பில் இருப்பவர்தான் பார்க்காமல் இருப்பார்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆம் பிரிவு, ஒரு கணினியின் அல்லது நெட்வொர்க்கின் உரிமையாளரோ பொறுப்பாளரோ அனுமதிக்காமல் அதிலிருந்து தரவை எடுப்பதையும் நகலெடுப்பதையும் இழப்பீட்டுக்குரிய செயலாகக் கூறுகிறது. அதையே நேர்மையற்ற முறையிலோ மோசடியாகவோ செய்தால், 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால், கணினியில் என்ன மென்பொருள் இருக்கிறது என்பது கேள்வியாகாது, யாருடைய நெட்வொர்க்கில் யாருடைய அனுமதியோடு அது ஓடியது என்பதே கேள்வியாகும். தன் வீட்டு ரவுட்டரில் தன் கைபேசியின் பாக்கெட்டுகளைப் பார்க்கும் மாணவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. அடுத்த அறை மாணவரின் பாக்கெட்டுகளைத் திருட்டுத்தனமாகச் சேமிப்பவர், என்ன கருவியைக் கொண்டு செய்தாலும் குற்றவாளிதான்.

இத்தனைக்கும் இது பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள விஷயமும் அன்று. அண்ணா பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் பாடத்திட்டத்தில், நெட்வொர்க் ஆய்வகப் பயிற்சியின் தொடக்கத்திலேயே டிசிபிடம்ப் உள்ளிட்ட கட்டளைகளைப் பயன்படுத்துவதும், பிங், பாக்கெட் செல்லும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் ஆகியவற்றின் பாக்கெட்டுகளை ஆய்வு மென்பொருளால் பிடித்து ஆராய்வதும் வைக்கப்பட்டுள்ளன. நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதை மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டினால் காணலாம். சீனியரின் நோட்டிலிருந்து ஜூனியர் நகலெடுத்த அதே ஸ்கிரீன்ஷாட், அதே ஐபி முகவரிகள், சில நேரங்களில் அதே தேதிகூட. ஆசிரியர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பாக்கெட் பிடிக்கக் கணினியின் நிர்வாகி உரிமை தேவைப்படும். அறுபது மாணவர்களுக்கும் அந்த உரிமையைக் கொடுத்தால் லேப் என்ன கதியாகும் என்ற ஆய்வக உதவியாளரின் கவலை உண்மையானது.

அதற்கு வழிகள் இருக்கின்றன. பாக்கெட்டைப் பிடிப்பதும், பிடித்து வைத்த கோப்பைப் படிப்பதும் வெவ்வேறு செயல்கள். இரண்டாவதற்கு எந்தச் சிறப்பு உரிமையும் தேவையில்லை. ஆசிரியர் தம் கணினியில் ஒருமுறை பிடித்துச் சேமித்த கோப்பை எல்லா மாணவர்களுக்கும் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். டிஎச்சிபியின் நான்கு பாக்கெட்டுகள், டிசிபியின் கைகுலுக்கல், வேண்டுமென்றே கேபிளைப் பிடுங்கி உண்டாக்கிய மறு அனுப்புதல்கள் ஆகியவை அடங்கிய மூன்று சிறு கோப்புகள் இருந்தால் ஒரு பருவம் முழுவதும் பாடம் நடத்தலாம். பிடிக்கவும் கற்றுத்தர விரும்பினால், பழைய ஸ்விட்ச் ஒன்றும் கணினிகள் சிலவும் சேர்த்து, கல்லூரியின் நெட்வொர்க்கோடும் இணையத்தோடும் தொடர்பில்லாத தனி மேசை ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். லினக்ஸ் கணினிகளில், குறிப்பிட்ட பயனர் குழுவில் சேர்க்கப்பட்டவர்கள் மட்டும் நிர்வாகி உரிமையின்றியே பாக்கெட் பிடிக்கும்படி அமைக்க முடியும். பயிற்சி முடிந்ததும் குழுவிலிருந்து நீக்கிவிடலாம்.

அலுவலகங்களுக்கும் சில ஒழுங்குகள் வேண்டும். எங்களைப் போன்றவர்கள் வேலையைத் தொடங்கும் முன், எந்தக் கோளாறுக்காக, எந்தப் போர்ட்டில், எவ்வளவு நேரம் பாக்கெட் பிடிக்கப்படும் என்று எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்வதை வழக்கமாக்க வேண்டும். உரிமையாளர்களும் அப்படி எழுதித் தராத ஆளை ஸ்விட்சின் பக்கம் விடக் கூடாது. பெரும்பாலான கோளாறுகளுக்குப் பாக்கெட்டின் தலைப்புப் பகுதியே போதும். ஈத்தர்நெட், ஐபி, டிசிபி மூன்றின் தலைப்புகளும் சேர்ந்து குறைந்தது 54 பைட், கூடுதல் விருப்பங்களோடு அதற்குச் சற்று மேல். அந்த அளவோடு வெட்டிச் சேமிக்கச் சொன்னால், உள்ளடக்கம் ஏறக்குறைய முழுவதும் கோப்பில் சேராது. இது இடத்தையும் மிச்சப்படுத்தும். முழுவேகத்தில் ஓடும் 100 மெகாபிட் இணைப்பை அப்படியே பிடித்தால் ஒரு நிமிடத்துக்கு 750 மெகாபைட் ஆகும். கவனிக்காமல் விட்டுப் போனால் மடிக்கணினியின் வட்டு நிறைந்து, வேண்டிய பாக்கெட் வரும் நேரத்தில் பதிவு நின்றிருக்கும். வேலை முடிந்ததும் கோப்பை உரிமையாளரின் முன்னிலையில் அழித்துவிட வேண்டும், அல்லது அவரிடமே ஒப்படைத்துவிட வேண்டும். பராமரிப்பவரின் பென் டிரைவில் பத்து வாடிக்கையாளர்களின் பாக்கெட் பதிவுகள் சுற்றிக்கொண்டிருப்பது, நிர்வாகங்கள் அஞ்சும் எந்த மாணவரைவிடவும் பெரிய ஆபத்து என்பது என் கருத்து.

ஆகவே, வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் உள்ள பொறியியல், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. முதல்வர்கள், வரும் பருவத்தின் ஆய்வக வகுப்புகள் தொடங்கும் முன், இந்தத் தடையைத் தங்கள் நிறுவனத்தில் யார், எப்போது, எதற்காக விதித்தார்கள் என்று விசாரித்து அதை விலக்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தடைக்குப் பதிலாக, அனுமதி பெறும் முறையை ஒரு பக்கத்தில் எழுதி லேபின் கதவில் ஒட்டினால் போதுமானது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்த அந்த மாணவரின் கோப்பிலிருந்து அக்கடிதத்தை அந்தக் கல்லூரி நீக்கிவிட வேண்டும். வளாக நேர்காணலுக்கு அவர் போகும் ஆண்டு இது. விடுதியின் வைஃபை மாலையில் இன்னமும் அறுந்துகொண்டுதான் இருக்கிறதாம்.

இங்ஙனம்,
நெட்வொர்க் பராமரிப்பாளர் ஒருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.